வேண்டாமென்று சொன்ன தீவுக்காரர்

வில்லரே என்ற வெளிநாட்டு நகர்ப்பகுதியில் நான் மீன் வெட்டிய கடையில் அந்தத் தீவுக்காரரும் வேலை செய்தார். அகன்ற தோள், மெல்லிய குரல். ஊர் டோக்கெலாவ், நியூசிலாந்தின் ஆட்சிக்குக் கீழிருக்கும் மூன்று பவளத் தீவுகள், விமானம் இறங்காத இடம். கடையில் மிஞ்சும் மீனைத் தன் ஊர் வழக்கப்படி, எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் உள்ள ஆட்களுக்கு ஏற்றபடி அவர்தான் கூறு போடுவார்.

அன்று அவருடைய தீவுகளின் வாக்கெடுப்பு முடிவு வந்திருந்தது. தன்னாட்சிக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை.

“தாறமெண்டு சொல்லியும் வேண்டாமெண்டிட்டாங்களே,” என்றார் எங்களோடு வேலை செய்த மன்னார் அண்ணை. தம்பியைத் தனிநாட்டுக்கான போரில் இழந்தவர். கத்தியைக் கீழே வைக்காமல், “நீ எதுக்குப் போட்டிருப்பாய்?” என்று தீவுக்காரரிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

“வேண்டாமென்றுதான். நியூசிலாந்தின் கப்பல் வராவிட்டால் எங்களுக்கு மருந்தில்லை.”

அண்ணையின் கத்தி பலகையில் குத்தி நின்றது. அண்ணை ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறினார்.

தீவுக்காரர் வழக்கம்போலக் கூறு போட்டார். அண்ணையின் பங்கை முதலில் கட்டி என்னிடம் நீட்டினார்.

“அவர் வாங்கமாட்டார்,” என்றேன்.

“அவர் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.”

கொண்டுபோனேன். அண்ணை வாசலில் பையை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு, “அவனுக்கு ஏதும் மிஞ்சினதோ?” என்று மட்டும் கேட்டார்.

நான் அதைப் பார்க்காமல் வந்திருந்தேன்.