வாப்பா எழுதாத கடுதாசி

என் நிக்காஹ் ஒரு சீனப் பட்டாளத்தின் பெயரைச் சொல்லி நடந்தது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

வாப்பா பர்மாவில், சீன எல்லையை ஒட்டிய மலை ஊர் ஒன்றில் துணிக்கடை வைத்திருந்தார். சீனாவின் உள்நாட்டுச் சண்டையில் தோற்ற பட்டாளம் எல்லையைத் தாண்டி வந்து அந்த மலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. பர்மாக்காரர்களோ தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தார்கள்; வந்தவனைத் துரத்த ஆளில்லை. பாதை அடைபட்டது. வாப்பாவின் கடிதமும் நின்றது.

ஒரு வருடம் உம்மா தொழுகைப் பாயிலேயே கிடந்து அழுதாள். அப்போதுதான் உம்மாவின் தம்பி, என் மாமா, தன் மகனுக்கு என்னைக் கேட்டார். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வாப்பா கட்டிய மாடி வீடு ஊரில் எல்லார் கண்ணையும் உறுத்தியது, மாமா கண்ணை முதலில். வாப்பா வரட்டும் என்றேன். உம்மாவும் அதையே சொன்னாள். தகப்பன் உயிரோடிருக்க அவர் சம்மதமில்லாமல் நிக்காஹ் கூடாது. வர முடியாவிட்டால், தன் சார்பில் இன்னார் நின்று செய்து வைக்கலாம் என்று எழுதியாவது தர வேண்டும்.

பத்தே நாளில் மாமா உச்சிப்புளி ரயிலடியிலிருந்து ஒரு கடுதாசியோடு வந்தார். பிழைப்புக்குப் பர்மா போய்த் திரும்பிய சபராளி ஒருவர் கொடுத்தாராம். மாமாவே முன்னின்று அவர் மகனுக்கு என்னைக் கட்டிவைக்கும்படி வாப்பா எழுதியிருந்தாராம். உம்மாவுக்கும் எனக்கும் அரபுத்தமிழ்தான் வாசிக்க வரும், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். வாப்பா எங்களுக்கு எப்போதும் அப்படித்தான் எழுதுவார். இதுவோ தமிழ் எழுத்தில் இருந்தது. கேட்டதற்கு, அரபு எழுத்தைக் கண்டால் உளவு என்று சீனாக்காரன் கிழித்துப் போடுகிறான், அதனால் கடையாள் ஒருவரை வைத்து எழுதியிருக்கிறார் என்று மாமா ஒரே போடாகப் போட்டார். சீனாக்காரனுக்குத் தமிழ் மட்டும் தெரியுமா என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கூடப் பிறந்தவன் கொண்டுவந்த கடுதாசி. உம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நிக்காஹ் முடிந்தது. அங்கே சீனாக்காரன் உட்கார்ந்தான், இங்கே மாமா மகன், என் மச்சான், உட்கார்ந்தார். வாப்பாவின் முன் அறை அவருடையதானது. உம்மா அடுப்படிக்குள் ஒடுங்கினாள். குழம்பில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் என் கன்னம்தான் பதில் சொன்னது.

மூன்றாம் வருடம், பட்டாளத்தில் பாதி கிளம்பிப்போய்ப் பாதை திறந்தபின், வாப்பா வந்தார். என் பிள்ளை அப்போது நடை பழகிக்கொண்டிருந்தது. கடுதாசியை அவர் முன்னால் வைத்தேன். இரண்டு தடவை வாசித்தார்.

"நான் எதுவும் எழுதலையேம்மா" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அந்த ஒரு வார்த்தையை ஜமாஅத்தில் சொன்னால் போதும், இந்த நிக்காஹ் நிற்காது, நான் மீண்டுவிடுவேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சொல்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஜமாஅத்துப் பெரியவர்கள் எங்கள் வீட்டிலேயே கூடினார்கள். நானும் உம்மாவும் திரைக்குப் பின்னால் நின்றோம். இது நீங்கள் எழுதியதுதானா என்று வாப்பாவிடம் கேட்டார்கள்.

"ஆமா. நான் எழுதச் சொன்னதுதான்."

மாமா உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்து, எல்லாருக்கும் சர்பத் கலக்கச் சொன்னார். கலந்து கொடுத்தது நான்தான்.

கூட்டம் கலைந்தபின் வாப்பா என்னிடம் வந்தார். உண்மையைச் சொன்னால் பிள்ளையை ஊர் என்ன பேசும் என்றார். பிறகு தானாகவே அந்தப் பட்டாளத்தைப் பற்றிச் சொன்னார். முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்டார்களாம், அப்புறம் படுக்க இடம், அப்புறம் கடைச் சாவி.

"எல்லாத்துக்கும் சரின்னு சொல்லித்தாம்மா உசுரோட வந்தேன். நாக்கு அதுக்கே பழகிப்போச்சு."

"அவன்ட்ட துப்பாக்கி இருந்துச்சு வாப்பா. இங்கன யார்ட்ட இருந்துச்சு?"

அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி உளூ செய்யப் போனார். மாமாவை நான் அன்றே தலைமுழுகிவிட்டேன். வாப்பாவை அப்படி விட முடியவில்லை. மச்சானோடு அதே வீட்டில் இன்னும் முப்பது வருடம் இருந்தேன்.