குழாயின் வாயில் கட்டிய துணி

அத்தானை நினைத்தால், குழாயின் வாயில் இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். அவர் முகம் அதற்குப் பின்னால்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக் குழாய்க்குத் துணிப் பஞ்சமே வந்ததில்லை. அப்பாவுக்கு இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை. காயத்துக்குக் கட்டும் வலைத்துணியின் வெட்டுத் துண்டுகள் அவரோடு பஸ் ஏறி வந்து எங்கள் குழாயைப் பிடித்துக்கொள்ளும். நாலு நாளில் செம்மண் நிறமாகிவிடும். அவிழ்த்து உதறினால் தூசு, துரும்பு, சில சமயம் நெளிகிற உயிர்களும்.

தொண்ணூறுகளின் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை இராஜபாளையத்துக்காரர், சரக்குக் கப்பலில் இன்ஜினியர். முன்பு வந்த இடங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் கைநழுவிவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். வீட்டையெல்லாம் துடைத்து முடித்துக் கடைசியில் குழாயைப் பார்த்தாள். "ஆசுபத்திரியில அடிபட்டுக் கெடக்கவன் மாதிரில்லா இருக்கு. அவிய பாத்தா என்ன நெனைப்பாவ?" துணியை அவிழ்த்து எறிந்தாள். புளி போட்டுப் பித்தளையைத் தேய்த்துப் பளபளக்க வைத்தாள். அந்தப் பளபளப்பிலிருந்து பிடித்த தண்ணீர்தான் மாப்பிள்ளை கைக்குப் போனது.

வாயருகே கொண்டுபோன கண்ணாடி டம்ளரை அவர் சட்டென்று நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தினார். உள்ளே நூலிழைபோல ஒரு சிவப்புப் புழு, யாருக்கும் அஞ்சாமல் ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்த அவருடைய அம்மா, "ஏ ஆத்தீ! குடிக்கத் தண்ணி கேட்டா கொளத்தையே குடுத்திருக்காவளே! எந்திரிய்யா, போவோம்" என்று எழுந்துவிட்டார். எங்கள் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்த இரும்மா" என்றார் மாப்பிள்ளை. முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "இதே கூத்துதான் எங்க கப்பல்லயும் நடக்கு." சரக்கை இறக்கிய கப்பல் எடை குறைந்து தள்ளாடும், நிலைத்து நிற்க அந்தத் துறைமுகத்துத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துக்கொள்ளும், அடுத்த துறைமுகத்தில் சரக்கேற்றும்போது துப்பிவிடும். அந்தத் தண்ணீருக்குள் சிப்பிக் குஞ்சும் நண்டுக் குஞ்சும் டிக்கெட் எடுக்காமல் ஏறி வந்து, போன கடலில் குடியேறி, அங்கே பிறந்து வளர்ந்ததுகளின் தீனியைப் பிடுங்கிக்கொள்ளும். அவர் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் வாடியது. பெண் வேண்டாம் என்பதைத்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறாரோ என்று நினைத்துவிட்டார்.

அப்போது அடுக்களையிலிருந்து அக்காவின் குரல்: "அப்ப ஏத்தும்போதே வடிகட்ட வேண்டியதுதான? உள்ள போன பொறவு குட்டி போட்டுப் பெருகிராதா?"

"அதத்தான் இப்பச் செஞ்சு பாக்காவ" என்றார் மாப்பிள்ளை, கதவைப் பார்த்து. "அதுலயும் தப்பி வார பொடிசுக்குச் சூடு வைக்கலாமான்னும் பாக்காவ."

"அப்ப உங்களுக்கும் வடிகட்டிச் சுட வச்சே கொண்டாரேன்."

எழுந்து நின்ற அவருடைய அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏட்டி, வாயப் பாரேன் இவளுக்கு!" என்றபடி மறுபடியும் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பூவும் வெற்றிலையும் தட்டோடு வந்துவிட்டன.

அதன்பிறகு அத்தான் கப்பலேறப் புறப்படும்போதெல்லாம் அப்பா ஒரு சுருள் வலைத்துணியைப் பெட்டிக்குள் திணிப்பார். கப்பலுக்கு அது எந்த மூலைக்கு என்று அவருக்கும் தெரியும். "ஒரு வாளித் தண்ணிக்காவது ஆகும்ல மாப்ளே" என்பார். அத்தானும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்.

இன்று அந்தத் தண்ணீரைச் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் கப்பல்கள் வெளியே விட வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. கப்பலுக்குள்ளேயே வடிகட்டி, கிருமியைக் கொல்லும் விளக்கு, என்னென்னவோ. அத்தான் ஓய்வுபெற்று இராஜபாளையத்தில் இருக்கிறார். அவர் வீட்டுச் சுவரிலும் ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் பச்சை விளக்கோடு தொங்குகிறது. அதன் மூக்கிலும் அக்கா ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி வைத்திருக்கிறாள். போன வாரம் போயிருந்தபோது அத்தான் தண்ணீர் வாங்கினார். வாங்கியதும் கை தானாக ஜன்னலுக்கு உயர்ந்தது.

"ஒண்ணும் ஏறி வரல, குடிங்க" என்றாள் அக்கா, அடுக்களைக்குள்ளிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அத்தான் உடனே குடிக்கவில்லை. ஒன்றாவது வந்திருக்காதா என்று இன்னும் கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்துக்குள் தேடிக்கொண்டிருந்தார்.