நாத்தனாருக்குக் காட்டிய ஐஸ் விழுது

நான் எதைச் சொன்னாலும் என் நாத்தனார் நம்பமாட்டாள். எனக்குக் கல்யாணமான புதிது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில். புதுக்கோட்டையில் ஓர் ஐஸ் பாக்டரியில் என் வீட்டுக்காரருக்குக் குழாய், மிஷின் மாட்டும் பிட்டர் வேலை. அங்கே குளிர் அறைக்குள் ஐஸ், ஆலமரம்போல விழுது விட்டிருக்கிறது என்று சொன்னேன். "மதினி அளக்க ஆரம்பிச்சிட்டாங்க" என்று அவள் ஊரான குன்றாண்டார்கோவில் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை வருகிறாளாம். வரட்டும், கண்ணால் காட்டி அவள் வாயை அடைக்காவிட்டால் பார்!

அறையின் கூரைமேல் ஒரு தண்ணீர் டிரம் ஒழுகிக்கொண்டிருந்தது. சொட்டு விரிசல் வழியாக இறங்கி, உள்ளே ஓடும் குளிர்க் குழாயில் விழும். வழிகிறபோதே உறையும். அடுத்த சொட்டு அதன்மேல் வழிந்து நுனிவரை போய் உறையும். சோறு கொண்டுபோகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். அரை முழம், ஒரு முழம் என்று வளர்ந்தது. அடடா, என்ன வழவழப்பு!

வியாழக்கிழமை, ஐஸ் கட்டியை மூட மரத்தூள் அள்ளும் பெண்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். "யாத்தே, எம்புட்டு நீளம்!" இத்தனை கண் பட்டால் நாளைவரை தாங்குமா? ஐஸ் உறையவைக்கும் தொட்டிக்கென்று மூட்டை மூட்டையாக உப்பு வாங்கும் பாக்டரியில் உப்புக்கா பஞ்சம்? நாலு கல் உப்பை எடுத்து விழுதுக்குத் திருஷ்டி சுற்றினேன். சுற்றிய உப்பைத் தண்ணீரில்தானே கரைக்கவேண்டும்? ஏணியில் ஏறி அந்த டிரம்மிலேயே போட்டுவிட்டேன்.

"அடிப்பாவி! உப்புத் தண்ணி சட்டுன்னு ஒறையுமாடி? போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டார் என் வீட்டுக்காரர்.

விடிந்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். போகவில்லை! இன்னும் வளர்ந்திருந்தது. வழவழப்புதான் இல்லை. மேலிருந்து கீழ்வரை வளையல் அடுக்கினாற்போல வரிவரியாக மடிப்பு. துளி உப்புக் கலந்தாலே இப்படி மடிப்பு விழும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் கைகொட்டிக் குதித்தேன்.

நாத்தனார் வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். "யாரு செதுக்குனது மதினி, அண்ணனா?"

எனக்கு வந்த கோபத்தில் அவள் முகவாயைப் பிடித்து நுனிப்பக்கம் திருப்பினேன். "பேசாம இதையே பாரு."

ஒரு சொட்டு மடிப்பு மடிப்பாக இறங்கி வந்தது. நுனியில் பருத்து நின்றது. விழவில்லை. மெல்ல வெளுத்து உறைந்தது. பின்னாலேயே இன்னொன்று இறங்கியது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்று வெளியிலிருந்து அவள் அண்ணன் கத்தினார்.

குளிரில் அவளுக்குப் பல் கிட்டியது. தலையைத் திருப்பவில்லை.

"இருண்ணே, இந்தச் சொட்டு என்ன ஆகுதுன்னு பாத்துட்டு வாரேன்."