சின்னான் மாமா போட்ட ஓட்டு

எங்கள் தெருச் சின்னான் மாமா எட்டு வருடமாக ஓட்டுப் போடாதவர். அன்னூரிலிருந்து பஸ் ஏறி, கணபதியில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் மண் சலிக்கிறார். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்துவிட்டு, நானும் அதே பஸ்ஸில்தான் லேத் பழகப் போகிறேன்.

அவர் ஓட்டுப் போடாததற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பள்ளம். மயானம் அந்த ஓடைக்கு அக்கரையில், பாலம் கிடையாது. மாமாவின் சம்சாரம் பழனியாத்தாள் அத்தை செத்தது ஐப்பசி மழையில். மார்பளவுத் தண்ணீரில், கயிற்றைப் பிடித்தபடி பாடையைத் தூக்கிப் போனார்கள். நடுவில் ஒருத்தருக்குக் கால் வழுக்கியது. அத்தை தண்ணீருக்குள் போய் வந்தாள். அக்கரையில் மாமா தன் சட்டையைக் கழற்றி அவள் முகத்தைத் துடைத்தார்.

பாலம் கட்டித் தருவதாக அதற்கு முன்பே மூன்று தேர்தலில் சொல்லியிருந்தார்கள். நாலாவது தேர்தலுக்கு வந்த கட்சிக்காரரிடம் மாமா, "நனைஞ்ச பொணத்தத் தொடச்ச கைங்க இது. உங்க பட்டன அமுக்க வராதுங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

இந்த முறை, ஓட்டுக்கு முந்தின நாள், என் கூட்டாளி ஆதர்ஷின் போனை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் குரலில் மாமாவைக் கூப்பிட்டேன். பாலத்துக்கு உத்தரவு ஆகிவிட்டது, நீங்கள் ஓட்டுப் போட்டால்தான் வேலை தொடங்கும் என்று அளந்தேன். நாலு கெட்ட வார்த்தை வரும், சிரிக்கலாம் என்று காத்திருந்தோம்.

"சரிங்க, போட்டுர்றேனுங்க" என்றார்.

மறுநாள் காலை சலவை வேட்டியில் வரிசையின் முதல் ஆள் அவர்தான். விரலில் மையோடு நேராகப் பள்ளத்துக்குப் போனார். வறண்டு கிடந்த மணலில் அடியளந்து, தூண் வரும் இடத்திலெல்லாம் கல் வைத்தார். பின்னாலேயே போய் உண்மையைச் சொல்லிப்போட்டேன். அடிக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன்.

"எட்டு வருசம் ஏமாறாம இருந்தனே கண்ணு."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு பிடி மணலை அள்ளி விரலைத் தேய்த்தார். தோல்தான் உரிந்தது.

வருகிற வருடம் எனக்குப் பதினெட்டு. பட்டியலில் பேர் சேர்த்துவிடலாம் என்கிறான் ஆதர்ஷ். மேடையில் அவர்கள் சொன்னதைத்தான் நான் போனில் சொன்னேன். பொய் என்று நான் மறுநாளே ஒத்துக்கொண்டது மட்டும்தான் வித்தியாசம்.

மை இன்னும் போகவில்லை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கும்போது மாமா அந்த ஒரு விரலை மட்டும் மடக்கிக்கொண்டார். நான் இப்போது அடுத்த பஸ்ஸில் போகிறேன்.