ஊருக்குப் போன அண்ணன்

கண்டி ஸ்டேஷனில் ஒரு பெண் "ஊருக்குப் போறேன்" என்று யாரிடமோ சொன்னாள். எனக்கு மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வளர்ந்த லயத்து வரிசை வீடு ஞாபகம் வந்தது. அங்கே ஊர் என்றால் இந்தியாதான். நாங்கள் பிறந்த இடம் வெறும் தோட்டம்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்பான். விறகுப் புகையில் கண் எரிய உட்கார்ந்து அப்பாவைக் குடைவான்.

"தாத்தா ஊருலேருந்து நடந்து வந்தப்ப வழியில எத்தன பேரு செத்தாங்கப்பா?"

"நீ என்ன பெரிய தொரையா, கணக்குக் கேக்குற?"

தோட்டப் பள்ளிக்கூடம் முடிந்ததும் மாமா அவனை இந்தியாவுக்குப் படிக்கக் கூட்டிப் போனார். நான் கொழுந்துக் கூடையோடு பாதையில் நின்றேன்.

"அண்ணே, எப்ப ஊருக்கு வருவ?"

எல்லாரும் சிரித்தார்கள். "ஊருக்குத்தாண்டி போறான். தோட்டத்துக்கு எப்ப வருவன்னு கேளு," என்றார் அப்பா.

அண்ணன் சிரிக்கவில்லை. "வந்துருவேன்," என்றான்.

மறுநாள் விடியலில் வேலைக்குக் கூப்பிடும் தப்பு மேளம் ஒலித்தது. பக்கத்தில் அண்ணன் படுக்கும் சாக்கில் யாரும் இல்லை.

அவன் அங்கேயே சரித்திரப் பேராசிரியர் ஆனான். அப்பா இறந்தபோது ஒரு தடவை வந்தான்.

"எப்பங்க ஊருக்குப் போறீங்க?" என்று லயத்து ஆட்கள் கேட்டார்கள்.

"நாளைக்கு," என்றான். அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

கண்டியில் அந்தப் பெண் ஏறிய ரயில் போய்விட்டது. நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.