நியூட்ரினோவின் மேல் ஒட்டிய தாள்

என் படத்தின் மேல் தாள் ஒட்டியது அநியாயம். பக்கத்தில் ஒட்டியிருக்கலாம். 'நியூட்ரினோ எதிலும் சிக்காது, தவறு' என்று சிவப்பு மையில் எழுதி, மைதா பசை தடவி, நான் இரண்டு மாதம் வரைந்ததை மூடிவிட்டார்கள். கோட்டாற்றில் ஒரு வாசகசாலை, 2012ஆம் ஆண்டு ஊர்த் திருவிழாவை ஒட்டி நடத்தும் அறிவியல் கண்காட்சி அது. வெடிக்கும் நட்சத்திரத்துக்குள் நியூட்ரினோ என்ற நுண்துகள் படும் பாடுதான் என் படம். பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் சனிக்கிழமை சொன்னார். ஞாயிறு காலை கிளம்பிவிட்டேன்.

குலசேகரத்தில் 7.10 பேருந்து. தக்கலை வழியாக வடசேரிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம், இருபது ரூபாய். வலப்பக்கம் உட்காருங்கள், காலையில் இடப்பக்கம் வெயில். வடசேரியிலிருந்து ஐம்பது ரூபாய் பேசி ஆட்டோ பிடித்தேன். கோட்டாறு கடைத்தெருக் கூட்டத்தில் அது நின்றே போனது.

"எறங்கி நடந்தா சீக்கிரம் போவலாம் அண்ணாச்சி," என்றார் ஓட்டுநர்.

"இதத்தான் மக்கா நான் வரஞ்சேன். வெட்டவெளியில ஓடுகவனும் இங்க ஒவ்வொருத்தன் தோளுலயும் முட்டி முட்டித்தான் போவணும்."

"கோட்டாறையா வரஞ்சிய?"

"நட்சத்திரத்த."

"நட்சத்திரத்துக்குன்னா அம்பது காணாதே!"

பூமிக்குள் நியூட்ரினோ தடையில்லாமல் போகும். அது உண்மை. ஆனால் பெரிய நட்சத்திரத்தின் நடுப்பகுதி நொறுங்கி விழும்போது, ஒரு கரண்டிப் பொருள் குன்றளவு கனக்கும். அங்கே நியூட்ரினோவும் அணுக்கருக்களில் முட்டித் திரும்பித் திரும்பி, சில விநாடிகள் திணறித்தான் வெளியேறும். அதில் சிறு பங்கு சுற்றியுள்ள பொருளைச் சூடாக்குகிறது. தளர்ந்துபோன வெடிப்பை அந்தச் சூடுதான் மறுபடி தள்ளுகிறது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பத்தாம் வகுப்போடு நின்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டே புத்தகம் வாங்கிப் படித்தவன் நான். படித்ததைத்தான் வரைந்தேன்.

தாள் ஒட்டியவர் ஒரு இயற்பியல் ஆசிரியை. என் மகள் வயதிருக்கும். வாசகசாலையில் அவரிடம் இதையெல்லாம் சொன்னேன்; கடைசிவரை கேட்டார்.

"பூமிக்கே தடையில்லன்னுதான் நான் படிப்பிக்கேன் ஐயா. அடர்த்திய நெனைக்கல்ல, தப்புதான். ஆனா நீங்களும் கீழ 'உள்ளேயே நின்றுவிடும்'னு எழுதியிருக்கிய. நின்னா பின்ன எப்படி வெளிய வரும்?"

அது சரி. பேனா வாங்கி, 'முட்டி முட்டி மெல்லக் கசியும்' என்று அங்கேயே திருத்தினேன்.

இருவருமாகத் தாளை நனைத்து உரித்தோம். நட்சத்திரத்தின் நடுப்பகுதி தாளோடு கிழிந்து வந்துவிட்டது. அவர் முகம் வாடிப்போனது.

"நான் வரஞ்சு தாறேன் ஐயா."

"வேண்டாம் மோளே. வரைய எனக்குத் தெரியும். நீ எழுதவேண்டியத எழுது."

கண்காட்சி இன்னும் மூன்று நாள் உண்டு. காலை பத்து முதல் மாலை ஆறு, கட்டணமில்லை. ஆட்டோவைக் கடைத்தெரு முனையிலேயே விட்டுவிடுங்கள்.

இனி நடக்க வேண்டியவை. கிழிந்த பகுதியை நாளை காலைக்குள் நான் வரைந்து சேர்க்க வேண்டும். மூடியது ஏன் தவறு என்பதை ஆசிரியை தன் கையால் எழுதி, பக்கத்தில் வைக்க வேண்டும். இனி எவர் படத்தின் மேலும் தாள் ஒட்டக் கூடாது என்று வாசகசாலைச் செயலாளர் சொல்ல வேண்டும். ஒட்டியே தீருவோம் என்றால் ரப்பர் பாலால் ஒட்டட்டும்; காய்ந்தாலும் படத்தைக் கிழிக்காமல் உரியும். குப்பியில் நானே கொண்டு வருகிறேன்.