பின்பக்கம் படிப்பவர்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். எதையும் ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. என் லேப்டாப்பையும் அப்படியே சுற்றிப்போய், திரைக்குப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, இங்க ஒண்ணுமே எழுதலீங்களே?"

முன்பக்கம் அழைத்துவந்து, போன் நம்பரை எடுத்த எடுப்பிலேயே மேலே போட்டிருப்பதைக் காட்டினேன். முகம் சுளித்தார்.

"லாரிக்கு எதுக்கால வாரவன் படிக்கறதுக்குள்ள போயிருவானுங்க. பின்னால வாரவன்தான் வேற வழியில்லாம படிப்பான். மேல குலசாமி பேரு போதும். நம்பரைக் கடைசீல போடுங்க சாமி."

இல்லையென்றால் வெப்சைட்டே வேண்டாம் என்றார். அடியில் போட்டேன். அவர் கேட்டபடி, பக்கத்திலேயே 'ஒலி எழுப்பவும்' என்றும் எழுதினேன்.

இப்போதெல்லாம் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் நம்பரை மேலே தேடிச் சலித்து, அடிக்குத்தான் போகிறேன். அங்கேதான் இருக்கிறது. ஒலி எழுப்பத்தான் யாரும் சொல்வதில்லை.